வீட்டோடு நின்று கற்றவர்

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர் எங்கள் அளவெட்டி. அந்நாளில் தவில் பழக வரும் பிள்ளை ஆசானின் வீட்டோடு நிற்பான். கிணற்றில் தண்ணீர் அள்ளுவான், கடைக்குப் போவான், அந்த வீட்டுச் சோற்றை உண்பான். சொற்கட்டு நாவில் ஏறுமுன்னரே அந்த வீட்டின் ஒழுங்கு அவனுக்குள் ஏறிவிடும். நாம் இதைக் குருகுலவாசம் என்றோம். மானிடவியலாளர் களஆய்வு என்று சொல்வதும் ஏறத்தாழ இதையே.

யாழ்ப்பாணத்துக்கும் மானிடவியலாளர் வந்ததுண்டு. 1950களில் இங்கு ஆய்வு செய்த மைக்கல் பாங்ஸ், யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை, எட்மண்ட் லீச் தொகுத்த நூலில் 1960இல் வெளிவந்தது. சமூகத்தின் சட்டகம் அதில் தெரியும். அடுப்படிப் பேச்சு அதில் கேட்காது.

அமெரிக்கரான மார்கிரட் ட்ராவிக் போன வழி வேறு. தமிழ்நாட்டில் ஒரு சைவத் தமிழறிஞரிடம் திருக்கோவையார் பாடம் கேட்டவர், அவருடைய கூட்டுக்குடும்பத்தோடு வாழ்ந்து பார்த்தார். மாணிக்கவாசகரின் அந்த நானூறு பாடல்களும் வெளியே தலைவன் தலைவி காதல். உள்ளே தில்லைக் கூத்தன்மேல் கொண்ட பக்தி. நமது ஆறுமுக நாவலர் 1860ஆம் ஆண்டளவில் அந்நூலை உரையோடு பதிப்பித்ததை இலக்கிய அன்பர்கள் அறிவார்கள். ஒன்றை மறைத்துவைத்தே உணர்த்துவது கோவையின் இயல்பு. பாடத்தில் கேட்ட அந்த இயல்பை ட்ராவிக் தாம் இருந்த வீட்டிலும் கண்டார். 1990இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூலின் பெயரை, ‘ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு பற்றிய குறிப்புகள்’ எனத் தமிழாக்கலாம்.

அடக்கம், பழக்கம், கடுமை, அழுக்கு, பணிவு, எளிமை, அடிமை என்று அன்பின் குணங்களை அவர் அடுக்குகிறார். இவை மேனாட்டுக் கோட்பாடுகள் அல்ல. நம் வீடுகளில் புழங்கும் சொற்கள். தாய் தன் பிள்ளையை ஊரறியக் கொஞ்சமாட்டாள், கண்பட்டுவிடும். அழகான பிள்ளையை அழகில்லாத பேர் சொல்லி அழைப்பாள். தன் பிள்ளையை விட்டு மற்றவள் பிள்ளையை மடியில் வைப்பாள். செத்தல் மிளகாய் சுற்றி நாவூறு கழிக்கும் எங்கள் ஆச்சிமாருக்கு இவற்றை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்ததை எழுதிவைக்க எங்களில் யாருக்குத் தோன்றியது?

இந்நூலோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. ஒரு வீட்டின் நடப்பைத் தமிழர் எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது. கடுமையும் அன்பின் ஒரு முகமே என்று ஏற்றுக்கொண்டால், அந்தக் கடுமையைத் தாங்கும் மருமகளுக்காகப் பேசுவது யார்? பாசத்தை விளங்கிக்கொள்வது வேறு. நியாயம் கேட்பது வேறு.

ஆயினும் ஒன்றை மறுக்கமுடியாது. வீட்டாரை வெறும் தகவல் தருவோராக அவர் நடத்தவில்லை; பாடம் சொன்னவரை ஆசிரியராகவே மதித்து எழுதினார். பின்னர் போர்க்கால மட்டக்களப்பைப் பற்றிய அவரது நூல் 2007இல் வந்தது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் பெயர்ந்தபோது எத்தனையோ கூட்டுக்குடும்பங்கள் கலைந்தன. வீடுகளைத் திருத்திக் கட்டலாம். அங்கே புழங்கிய சொற்களை எப்படிக் கட்டுவது? அவற்றை அறிந்த முதியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கும்வரை காத்திராமல், அவர்களின் பேரப்பிள்ளைகளே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதட்டும்.