கையில் ஒரு விளக்கு

காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் என் பெண் தங்கியிருக்கும் வீடு வந்துவிடும். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். இரண்டு சிநேகிதிகளுடன் மாடிப் போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை ஊறுகாய், பருப்புப்பொடி வகையறாக்களுடன் நான் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

சென்ற தடவை போனபோது சிநேகிதிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். இவள் மட்டும் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்கப்பா" என்றாள்.

பேசாமலிருப்பது எங்களுக்குப் புதிதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் என்னிடம் அந்தரங்கமாகச் சொன்ன ஒரு விஷயத்தைப் பெயரை மட்டும் மாற்றிக் கதையாக எழுதிவிட்டேன். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தது எழுத்தாளன் புத்தி. அது முதல், ஃபீஸ் கட்டியாயிற்றா, ஊறுகாய் தீர்ந்ததா என்ற அளவோடு எங்கள் சம்பாஷணை நின்றுவிட்டது.

திரையில் நடுக்கடல். கடலில் இரும்பால் கட்டிய பெரியதொரு எண்ணெய் மேடை. 2024-ல் வெளிவந்த 'ஸ்டில் வேக்ஸ் த டீப்' என்ற ஆட்டம் அது. கதை நடப்பது 1975 டிசம்பரில், ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில். கதாநாயகன் ஓர் எலெக்ட்ரீஷியன். ஊரில் அடிதடி செய்துவிட்டுப் போலீஸுக்குப் பயந்து இங்கே வந்து ஒளிந்திருப்பவன். மனைவி கோபத்தோடு எழுதிய கடிதம் அவனிடம் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் வேலையும் போய்விடுகிறது. அப்போது பார்த்து, துளைபோடும் யந்திரம் கடலுக்கடியில் எதன்மீதோ இடிக்கிறது. என்ன அது? கடைசிவரை யாரும் சொல்வதில்லை.

"நீங்களே நடந்து பாருங்க" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

இடது கை விரல்களால் நடக்க வேண்டும். வலது கையால் கழுத்தைத் திருப்ப வேண்டும். நான் முதல் பத்து நிமிஷமும் கூரையைப் பார்த்தபடி சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவாறு பழகிற்று. மழை, இருட்டு, வழுக்கும் இரும்புப் படிகள், எங்கேயோ யாரோ அலறும் சத்தம். கையில் துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது. நடக்கலாம், ஏறலாம், ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவே. ஒரு படிக்கட்டின் திருப்பத்தில் என்னால் முடியவில்லை. எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்காக அவள் சிரித்து வெகு நாளாயிற்று.

வீடு திரும்பியதும் இந்த விளையாட்டின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதை கெண்டக்கி மாகாணத்து மாமத் குகையில் போய் நின்றது. உலகத்தில் இதுவரை அளந்த குகைகளுக்குள் நீளமானது அதுதான். 600 கிலோமீட்டருக்கு மேல். 1838-ல் அங்கே வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்டவர் ஸ்டீபன் பிஷப் என்ற அடிமை இளைஞர். ஆழம் தெரியாத பள்ளமொன்றின்மேல் ஏணியைப் போட்டு அப்பால் கடந்து, யாரும் பார்த்திராத பாதைகளைக் கண்டுபிடித்தார். 1842-ல் குகையின் படத்தை ஞாபகத்திலிருந்தே வரைந்தார். விடுதலை கிடைத்தது 1856-ல். அடுத்த வருஷமே காலமானார். கையில் ஒரு விளக்கோடு இருட்டில் நடந்தவர்களின் வம்சாவளி எழுதினால் அவரிடம்தான் ஆரம்பிக்க வேண்டும்.

1972 செப்டம்பர் 9-ந் தேதி ஒரு சிறு கோஷ்டி, பக்கத்து ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் உள்ளுக்குள் ஒன்றே என்று நடந்தே நிரூபித்தது. அந்தக் கோஷ்டியில் பட்ரீஷியா கிரௌதர் என்ற பெண்மணி இருந்தார். அவருடைய கணவர் வில் கிரௌதரும் குகைப் பைத்தியம். தொழிலில் கம்ப்யூட்டர் நிபுணர். இன்றைய இன்டர்நெட்டுக்குத் தாயான ஆர்ப்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர்.

சில வருஷங்களில் தம்பதிக்குள் விவாகரத்து. குகைக்குப் போனால் பழைய சகாக்கள், பழைய ஞாபகங்கள். ஆகவே குகையும் போயிற்று. பெண் குழந்தைகள் இருவரும் எப்போதாவது வந்து போகிற விருந்தாளிகளானார்கள். அந்தச் சமயத்தில், 1975-76 வாக்கில், குழந்தைகள் வந்தால் விளையாடட்டும் என்று அவர் ஒரு புரோகிராம் எழுதினார். படம் இல்லை, சத்தம் இல்லை. எழுத்துக்கள் மாத்திரம். நீங்கள் இன்ன இடத்தில் நிற்கிறீர்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும். வடக்கே போ, விளக்கை எடு என்று ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் அடிக்க வேண்டும். விளக்கில்லாமல் மேலே போனால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான். குள்ளர்களும் புதையலும் கற்பனை. ஆனால் குகையின் பாதைகள் பெரும்பாலும் அசலே. தாம் இனிப் போக முடியாத இடத்துக்குள் அந்த மனிதர் குழந்தைகளை அழைத்துப் போயிருக்கிறார்!

இதைப் படித்தபோது புத்தகத்தைச் சற்றே மூடி வைத்தேன்.

புரோகிராம் எப்படியோ ஸ்டான்ஃபோர்டிலிருந்த டான் வுட்ஸ் என்ற மாணவரின் கையில் கிடைத்தது. ஆசிரியர் பெயர் கிரௌதர் என்பது தெரியும், விலாசம் தெரியாது. வலையிலிருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் 'கிரௌதர்' என்று பெயரிட்டுக் கடிதம் போட்டாராம்! பதில் வந்தது. 1977-ல் வுட்ஸ் ஆட்டத்தை விஸ்தரித்தார். விளக்கின் பாட்டரி தீர்ந்துபோகும் என்ற புண்ணியத்தையும் சேர்த்தார்.

அப்புறம் படம் வந்தது, சத்தம் வந்தது, துப்பாக்கியும் வந்தது. 1993-ல் 'டூம்' வந்த பிறகு நடப்பது என்றாலே சுடுவதற்காக நடப்பது என்றாகிவிட்டது. இந்தப் பதினைந்து வருஷக் கூத்தை நான் தாண்டிப் போகிறேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

2008-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் சர்வகலாசாலையில் டான் பின்ச்பெக் என்பவர் ஒரு பரீட்சை செய்தார். துப்பாக்கி ஆட்டமொன்றை எடுத்து, அதிலிருந்து துப்பாக்கியையும் எதிரியையும் புதிரையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? ஆளில்லாத ஒரு தீவு. நடக்க ஒரு பாதை. எஸ்தர் என்பவளுக்கு எழுதிய கடிதங்களைத் துண்டு துண்டாக வாசிக்கும் ஒரு குரல். 'டியர் எஸ்தர்' என்று பெயர். இதுவும் ஒரு விளையாட்டா என்று பரிகசித்தவர்கள் வைத்த பட்டம்தான் 'வாக்கிங் ஸிமுலேட்டர்', அதாவது நடைப் பாவனை. பட்டம் நிலைத்தது. 2012-ல் புதுப்பித்து விற்பனைக்கு வந்தபோது முதல் நாளிலேயே 16,000 பிரதிகளுக்கு மேல் போயிற்று. அதைச் செய்த 'தி சைனீஸ் ரூம்' கம்பெனிதான் என்னைப் படிக்கட்டில் வெருட்டிய ஆட்டத்தையும் செய்திருக்கிறது.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூர்ப் பேய்களுக்கு நம்மைத் தெரியும். ஏதாவது ஒரு வழக்கு, ஒரு பசி, தீராத ஆசை இருக்கும். சுருட்டு வைத்தால் சமாதானமாகும், இல்லாவிட்டால் வேப்பிலை. வேதாளம் முருங்கை மரத்திலிருந்து இறங்கி வந்ததே கதை சொல்லிக் கேள்வி கேட்கத்தானே? அமெரிக்காவில் ஹெச். பி. லவ்கிராஃப்ட் (1890-1937) வேறு ஜாதிப் பயத்தை எழுதினார். வானசாஸ்திரத்தில் மோகம் கொண்டவர்; பத்திரிகைகளில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதியவர். மற்ற இனத்தாரைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் அருவருப்பாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பூதங்களுக்கு நம்மிடம் விரோதமில்லை. நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. எறும்புப் புற்றின்மேல் வண்டி ஏறினால் வண்டிக்கு என்ன துவேஷம்? அந்த எண்ணெய் மேடையில் இருப்பதும் அதன் கிளைதான். பேரம் பேச இடமில்லை. எதிரே ஒன்றும் பேசாத இருட்டு. நடக்கிறவன் மனத்திலோ வீடும் பெண் குழந்தைகளும்.

இந்த மாதம் போனபோது, கிரௌதர் சமாசாரத்தை அவளுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுங்க ஆடினாங்களாமா?"

"ஆடினாங்களாம். ரொம்பப் பிடிச்சுதாம்."

சற்று நேரம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இதை எழுதப் போறீங்க. இந்த ரூமையும் சேர்த்துத்தானே?"

"நீ வேண்டாம்னா எழுதலே."

யோசித்தாள். "பேர் போடக் கூடாது. நான் பயந்ததா எழுதக் கூடாது."

"பயந்தது நான்தானே?"

"அதை எழுதிக்கோங்க" என்றவள், ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "முதல்ல அந்தப் படிக்கட்டைத் தாண்டுங்க, பார்ப்போம். விளக்கைப் போடக் கூடாது."