டிடிஒய்

யூனிக்ஸில் சீரியல் போர்ட்டை அமைக்க உட்காரும் எவரும் முதலில் பார்க்கும் பெயர் இது. லினக்ஸில் முதல் போர்ட்டின் பெயர் ‘டிடிஒய்எஸ்0’. யூஎஸ்பி வழியாக இணைத்தால் ‘டிடிஒய்யூஎஸ்பி0’. வேகத்தை 9600 என்று வைக்கும் கட்டளை ‘எஸ்டிடிஒய்’. அதன் முதல் எழுத்து ‘செட்’, அதாவது ‘அமை’.

டிடிஒய் என்பது டெலிடைப்ரைட்டரின் சுருக்கம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் யூனிக்ஸோடு பேசியது டெலிடைப் மாடல் 33 வழியாகத்தான். நொடிக்கு 10 எழுத்து. எல்லாம் தாளில் அடித்து வரும், திரை கிடையாது.

அச்சுத்தலை வலக்கோடியிலிருந்து இடப்பக்கம் திரும்ப, ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் ‘தலை திரும்பு’, ‘தாள் நகரு’ என இரண்டு குறிகளை அடுத்தடுத்து அனுப்பினார்கள். யூனிக்ஸ் கோப்பிலோ வரி முடிவுக்கு ஒரே குறிதான். விடுபட்டதை வெளியே அனுப்பும்போது சேர்ப்பது எஸ்டிடிஒய்யின் ‘ஓஎன்எல்சிஆர்’ அமைப்பு. அருமையான ஏற்பாடு! இன்றும் அதை அணைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திற்கு நேர்கீழே தொடங்கி, எழுத்துகள் படிக்கட்டாக இறங்கும்.