முத்தோரைச் சரிவும் பேரண்டத்தின் வயதும்

உதகையை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவை ஒட்டி 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு அதை 1970இல் கட்டி முடித்தது. இந்த மலைக்கு அவர்களை இழுத்தது அதன் சரிவுதான். அவ்விடத்தின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்று மேல். தேர்ந்தெடுத்த சரிவும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் வடக்கு தெற்காக நீளும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். அலைகளை வாங்கித் திருப்புவது தகடு அல்ல, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்.

இந்தத் தொலைநோக்கியின் பங்கு விளங்க, கேலக்ஸிகளின் தோற்றத்திலிருந்து தொடங்க வேண்டும். பேரண்டத்தின் முதல் கணத்தில், அது அதிவேகமாக வீங்கியபோது எழுந்த குவாண்டம் ஏற்ற இறக்கங்களே கேலக்ஸிகளின் வித்து என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1981இல் சோவியத் அறிவியலாளர்கள் முக்கானோவும் சிபிசோவும் அதைக் கணக்கிட்டார்கள். 1992இல் கோபி செயற்கைக்கோள், பேரண்டத்தின் சூடான தொடக்கத்திலிருந்து எஞ்சிய பின்னணிக் கதிரின் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே உள்ள வேறுபாடுகளைக் காட்டியது. இந்த வரலாற்றில் முத்தோரைக்கும் ஓர் இடம் உண்டு. பேரண்டம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்தது என்றால், முதல் கேலக்ஸிகள் எப்படித் தோன்றின என்று கேட்கவே வழியில்லை. ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் 1948இல் முன்வைத்த மாறாநிலைக் கோட்பாடு அப்படித்தான் சொன்னது. அதைச் சோதிக்க உதகைக்கு நிலா உதவியது. நிலாவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கையில் சமிக்ஞை மங்கும் விதத்திலிருந்து மூலத்தின் கோண அளவு கிடைக்கும். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தார்கள். மங்கலானவை, அதாவது சராசரியாகத் தொலைவில் இருப்பவை, மாறாநிலைக் கோட்பாட்டுக்குப் பொருந்தாத வகையில் சிறுத்துப்போவதை ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் காட்டினார்கள்.

பின்னணிக் கதிர் 1965இலேயே அகப்பட்டுவிட்டதே, பிறகு உதகை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கதிருக்கு வேறு விளக்கம் தேடியவர்கள் அதன்பிறகும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் மூலங்களை எண்ணி எட்டிய, பேரண்டம் மாறிவருகிறது என்ற முடிவை, உதகை அவற்றின் அளவைக் கொண்டு தனி வழியில் உறுதிசெய்தது. முத்தோரை குவாண்டம் வித்தைக் கண்டது என்று சொன்னால் அது மிகை. கோபி கண்டதுகூட வித்தின் தடத்தைத்தான்; அந்த முதல் கண வீக்கம் எழுப்பியிருக்க வேண்டிய ஈர்ப்பலைகள் இன்னும் சிக்கவில்லை. ஆனால், வளர்ச்சி நடந்தது என்று நிலைநாட்டிய பிறகுதான் வித்து எது என்று ஆராய முடியும். அந்த முந்தைய படியில் முத்தோரையின் உழைப்பும் இருக்கிறது. வெறும் சோவியத் கணக்காகவும் செயற்கைக்கோள் படமாகவும் இந்த வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு.