கலக்கத்து மனை

பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்து, பிழைக்க வந்த மண்ணிலே வேரூன்றி வாழும் நமக்குப் பிறந்த மனை என்பது வெறுஞ்சொல் அன்று. புகழ் பெற்ற பெரியோர் பலரும் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிந்தாரல்லர். எனினும், அவர் பிறந்த மனையை மக்கள் போற்றிக் காக்கின்றனர். அத்தகைய மனை ஒன்று நம் பாலக்காட்டு மாவட்டத்திலேயே உளது.

பாலக்காட்டிலிருந்து ஷொரணூர் செல்லும் இருப்புப்பாதையில் லக்கிடி என்றொரு நிலையம் உண்டு. அதனை அடுத்த கிள்ளிக்குறிச்சிமங்கலம் என்னும் சிற்றூரில் உள்ள கலக்கத்து மனையே, 18ஆம் நூற்றாண்டில் துள்ளற் கலையைத் தோற்றுவித்த குஞ்சன் நம்பியார் பிறந்த இல்லம்.

நம்பியார் மரபினர், கோயிற் கூத்தம்பலங்களில் சாக்கியார் கூத்துக்கு மிழாவு முழக்குவோர். இக்கூத்து நமக்கு அயலன்று. பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் ஒருவன் சேரன் செங்குட்டுவன் முன் ஆடிய செய்தி சிலப்பதிகாரத்தில் உளது. மிழாவும் நம் முழவும் உறவுடைய சொற்களே.

அம்பலப்புழையில் ஒருநாள் மிழாவு முழக்குகையில் நம்பியார் கண்ணயர்ந்தாராம். சாக்கியார் அவையறிய எள்ளினாராம். மறுநாளே நம்பியார் தாமே பாட்டியற்றி, வேடம் பூண்டு, தனியொருவராய் ஆடிப்பாட, கூத்துப் பார்த்திருந்தோரெல்லாம் அவர்பால் திரண்டனராம். இது வழிவழி வரும் கதை. கதை எவ்வாறாயினும், எளிய மலையாளத்தில் புராணக் கதையோடு நாட்டு நடப்பையும் நகைச்சுவையாய்ச் சேர்த்து, கலையைப் பொதுமக்கள்பால் கொணர்ந்தவர் அவரே. ஓட்டன், சீதங்கன், பறையன் என மூவகைத் துள்ளலும் இன்றும் ஆடப்படுகின்றன.

புகழ் வளர்ந்தது அம்பலப்புழையில். செம்பகச்சேரி நாடு 1746இல் திருவிதாங்கூருடன் இணைந்தபின், திருவனந்தபுரம் அரசவையும் அவரை ஆதரித்தது. முதுமையில் அம்பலப்புழைக்கே மீண்டு, 1770ஆம் ஆண்டளவில் அங்கேயே மறைந்தார் என்பர்.

கடல்கடந்த நாடுகளிலும் இத்தகைய வரலாறு உண்டு. நார்வே நாட்டு மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825இல் ஏழைக் குடிலிற் பிறந்தவர் சோண்ட்ரே நோர்ஹைம். சறுக்குக் கட்டையைக் குதிகாலோடும் சேர்த்துப் பிணிக்கும் முறையால் பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் புதுவழி கண்டவர். அவரும் 1884இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, 1897இல் அங்கேயே மறைந்தார். ஆயினும், 1952இல் ஆஸ்லோவில் நிகழ்ந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவின் தீப்பந்தம் அவர் பிறந்த குடிலின் அடுப்பிலேதான் ஏற்றப்பட்டது.

மோர்கெடாலில் அடுப்பு அணையவில்லை. கலக்கத்து மனையில் கலை அணையவில்லை. நம்பியாரின் நினைவகமாய் விளங்கும் அவ்விடத்தில் இளஞ்சிறார்க்குத் துள்ளல் பயிற்றப்படுகின்றது. சுவரையும் கூரையையும் மட்டும் காத்திருப்பின் அது பழம்பொருட் காட்சியாய் நின்றிருக்கும். அம்மனையில் பிறந்தவர் தந்த கலை தொடர்வதாலன்றோ அது இன்றும் உயிருள்ள மனையாய் விளங்குகின்றது!

நம்முள் பலருக்குத் தாத்தாவின் வீடு இன்று இல்லை. விற்றாயிற்று, அல்லது பூட்டிக் கிடக்கின்றது. அதனை மீட்டல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆனால், அவ்வீட்டில் வழங்கிய தமிழை நம் பிள்ளைகள் நாவில் காத்தல் நம்மால் இயலும். விடுமுறை நாளொன்றில் அவர்களையும் உடனழைத்துக் கலக்கத்து மனையைக் கண்டு வருக.