உலோகத் தகட்டில் ஒளிப்படம்: நிழலைத் தந்த தகடு வெளிச்சத்தைத் தந்தது எப்படி?

கேமராவில் எடுத்து இன்றுவரை எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய ஒளிப்படம், வெள்ளீயக் கலவையான பியூட்டர் தகட்டில் உள்ளது. பிரான்சின் லெ கிரா என்ற இடத்தில், தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து நிசெஃபோர் நியப்ஸ் 1826 அல்லது 1827இல் எடுத்தது. ஒளி பட்ட இடத்தில் பிட்டுமென் பூச்சு இறுகியது; இறுகாததை லாவெண்டர் எண்ணெய் கலந்த கரைப்பான் கழுவிச் சென்றது. எஞ்சிய பிட்டுமென் வெளிச்சமாகவும், வெறும் உலோகம் நிழலாகவும் தெரிகின்றன. நிழலைத் தகட்டிடம் ஒப்படைக்கும் இந்த ஏற்பாடு அந்த நூற்றாண்டு முழுவதும் நீடித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நியப்ஸுடன் 1829இல் கூட்டுச் சேர்ந்த லூயி டாகர், அவர் மறைந்த பின் உருவாக்கிய முறை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்து எடுத்தபின் பாதரச ஆவியில் படத்தை வெளிக்கொணர்ந்தார்கள். பாதரசமும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்து வெண்மை தந்தன. துகள் படியாத இடம் வெறும் கண்ணாடி. எதிரே இருட்டு இருந்தால் அது நிழல், வெளிச்சம் இருந்தால் படமே நெகட்டிவாக மாறிவிடும். விரல் பட்டாலே படம் அழியும்; காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஆகவே பித்தளைச் சட்டமும் மேல்கண்ணாடியும் வைத்து, ஓரங்களைக் காகிதப் பட்டையால் அடைத்து, சிறு பெட்டிக்குள் பொருத்தினார்கள். அந்தப் பெட்டியை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது சரியல்ல. திறந்த மூடியின் அடர்நிற வெல்வெட் தகட்டில் பிரதிபலிக்கும்போதுதான் நிழல்கள் ஆழம் பெறும். பொருத்தும் முறையும் படத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அடுத்து வந்த டின்டைப் இந்தத் தொல்லையை எளிதாகத் தீர்த்தது. பிரான்சில் அடோல்ஃப் மார்த்தென் 1853இல் விவரித்த முறைக்கு, ஒஹாயோவின் ஹாமில்டன் ஸ்மித் 1856இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கறுப்பு அரக்குப் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் கொலோடியன் படலம். நிழலை இப்போது அரக்கே தந்தது. வார்னிஷ் பூசிவிட்டால் கண்ணாடியும் பெட்டியும் தேவையில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்கள் தங்கள் படத்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்ப முடிந்ததற்கு இந்த உறுதியே காரணம். நெகட்டிவ் கிடையாது, ஆகவே நகலும் கிடையாது. காகிதப் பிரிண்ட் மலிவாகப் பரவியதும் உலோகம் பின்வாங்கியது. இருட்டறையில், ஈரப் பிரிண்ட்டை ஒட்டிப் பளபளப்பேற்றும் குரோமியம் பூசிய தகடாக மட்டும் சில காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

உலோகம் சுவருக்குத் திரும்பியது அலுமினியமாக. நம் ஊர்க் கடைமுகப்புகளில் காணும் ஏ.சி.பி. பலகையின் இனத்தைச் சேர்ந்த, இரு அலுமினியத் தாள்களுக்கிடையே பாலிஎத்திலீன் வைத்த பலகையில் பெரிய பிரிண்ட்டுகளை ஒட்டுகிறார்கள். ஈரத்தில் வளையாது, எடையும் குறைவு. ஆனால் இங்கே உலோகம் முதுகு மட்டுமே. படத்தில் அதற்குப் பங்கில்லை.

உண்மையான திருப்பம் சப்ளிமேஷன் முறையில் நிகழ்கிறது. தாளில் அச்சிட்ட சாயத்தை, பாலிமர் பூசிய அலுமினியத் தகட்டோடு சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அழுத்தினால், சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகும். இம்முறையில் வெள்ளைச் சாயம் பயன்படுவதில்லை. பூச்சு நிறமற்றதாக இருந்தால் மேகமும் அலைநுரையும் வெறும் அலுமினியத்தின் மினுக்கமே. நிழலைச் சாயம் பார்த்துக்கொள்கிறது. டாகரின் கணக்கு தலைகீழாகிவிட்டது. விளக்கின் கோணம் மாறினால் படம் மாறுவது மட்டும் மாறவில்லை. மனித முகத்தில் இந்த மினுக்கம் தோலைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். அதற்கென்றே வெள்ளை அடிப்பூச்சுத் தகடுகள் உள்ளன. அவற்றில் அலுமினியம் இருப்பது கண்ணுக்கே தெரியாது.