மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி

கருத்தடை மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுக் கடதாசியை எங்களில் கனபேர் விரித்தும் பார்க்கிறதில்லை. பொடி எழுத்து, பயமுறுத்துகிற சொற்கள். ஆனால் அது கம்பனிக்காரர் விரும்பித் தந்த கடதாசி இல்லை. அதற்காக அமெரிக்க செனற் விசாரணை நடுவில் பெண்கள் எழும்பிக் கத்த வேண்டியிருந்தது.

கதை 1956இல் புவேர்ட்டோ ரிக்கோவில் தொடங்குது. மாத்திரையை உருவாக்கிய கிரெகரி பிங்கஸும் ஜோன் ரொக்கும் வேலைசெய்த மசாசூசெற்ஸில் கருத்தடை சட்டவிரோதம். ஆகவே பெரிய பரிசோதனை அமெரிக்காவின் ஆளுகைக்குள் இருந்த இந்தத் தீவில், ரியோ பியேட்ராஸ் தொடர்மாடிகளில் நடந்தது. பெண்கள் ஆசையோடுதான் வந்தார்கள். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றுக் களைத்தவர்களுக்கு அது உண்மையான தேவை. இது பரிசோதனை என்றுதான் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அங்கே பொறுப்பாக இருந்த டொக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 வீதமான பெண்களுக்குக் குமட்டல், தலைச்சுற்று, தலையிடி, வாந்தி என்று எழுதினார். பிங்கஸ் அதில் பெரும்பகுதியை மனப்பிரமை என்று ஒதுக்கினார். பெண்கள் நோகுது என்றால் 'அது மனசுதான்' என்கிற பதில் எங்களுக்கும் புதுசில்லையே!

1960இல் 'எனோவிட்' கருத்தடைக்கு அனுமதி பெற்றது. அடுத்த வருடமே, அதை வேறொரு நோய்க்காக எடுத்த தாதி ஒருவருக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததாக ஓர் ஆங்கிலேய டொக்டர் 'லான்செற்' சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். ஒரு நோயாளியை வைத்து எதையும் நிறுவ ஏலாதுதான். எண்ணிக் காட்ட 1968 வரை போனது. பிரித்தானியாவில் வெசியும் டோலும், இரத்தக்கட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களை வேறு நோயோடு வந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முதற் குழுவில் 45 வீதமானோர் மாத்திரை எடுத்தவர்கள், மற்றதில் 9 வீதம்தான். ஈஸ்திரோஜன் ஈரலைத் தூண்டி, இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. முதல் எனோவிட்டில் அந்த வகை ஹோர்மோன் 150 மைக்ரோகிராம்; 1969 கடைசியில் பிரித்தானியா 50க்கு மேல் வேண்டாமென்றது.

1970 ஜனவரியில் செனற்றர் கேலோர்ட் நெல்சன் இதுபற்றி விசாரணை நடத்தினார். தூண்டியது பார்பரா சீமனின் புத்தகம். ஆனால் சாட்சிக்கதிரையில் சீமனும் இல்லை, மாத்திரை விழுங்கிய பெண் ஒருத்தியும் இல்லை. அலிஸ் வொல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் வரிசையில் எழும்பி, ஏன் எங்களைக் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். அந்த வருடமே பெட்டிக்குள் எச்சரிக்கை வைக்க உத்தரவு வந்தது. மருத்துவர் சங்கம் எதிர்த்தது, நீளமான வரைவு சில வரிகளாகச் சுருங்கியது. அந்தச் சில வரிகளையும் பெண்கள்தான் வாங்கியெடுத்தார்கள்.

இப்ப வருகிற மாத்திரைகளில் ஈஸ்திரோஜன் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம். மாத்திரை எடுக்காத, கர்ப்பமில்லாத பத்தாயிரம் பெண்களில் வருடத்துக்கு இரண்டு பேருக்கு இரத்தக்கட்டி வருமென்றால், எடுப்பவர்களில் 5 முதல் 12 பேருக்கு வரலாம். கர்ப்பகாலத்தில் ஆபத்து அதைவிடக் கூட. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் இருக்கு, அவர்களுக்கு இந்த வகை மாத்திரை சரிவராது. எல்லாம் அந்தக் கடதாசியில் இருக்கு.