நிலத்தில் இருந்தது விலங்கு!

தருமபுரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் பாடம் நடத்துகிறோம் நாம். கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது நெஞ்சு படபடக்கிறது. வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற பெண்ணின் இருக்கை வெறுமையாய்க் கிடக்கும். ஏன் வரவில்லை? "கட்டிக் கொடுத்துவிட்டார்கள்" என்பர் தோழியர். பதினெட்டு வயதுக்குமுன் மணம் கூடாதென்று சட்டம் இருக்கிறது; தாலியும் ஏறுகிறது! ஏட்டுச் சட்டம் வீட்டுக்குள் நுழையாதது ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடும் தோழர்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சட்டமன்ற வாழ்வைக் கற்க வேண்டும்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபினர். ஆண்கள் பயிலும் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைந்ததால் கதவு திறந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராய் நியமிக்கப்பட்டார். 1927இல் அச்சபையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதவி கிடைத்தது, பாராட்டும் குவிந்தது. அத்துடன் அமர்ந்துவிட்டாரா? இல்லை! சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க வேண்டுமென்று அந்த ஆண்டே சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். தெய்வத் தொண்டு என்றனர் சிலர். கலைக்கு ஆபத்து என்றனர் சிலர். தெய்வத்தின் பெயரால் பலியானவர்களோ, பாவாடை கட்டிய சிறுமியர்!

இங்கேதான் அம்மையாரின் அறிவுக்கூர்மையைக் காண்கிறோம். பக்தி என்னும் திரைக்குப் பின்னே நிலம் இருப்பதை அவர் கண்டார். கோயில் ஊழியத்துக்காக அக்குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலமும் போகும். ஆகவே, நிலத்தைக் காக்க மகளைக் கொடுத்தாக வேண்டிய நிலை! அந்த முடிச்சை அவிழ்த்தது 1929ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத் திருத்தம். ஊழியத்தை விட்டாலும் நிலம் அவர்களுக்கே என்றாயிற்று. கழுத்தில் கட்டிய பொட்டுக்குக் காரணமான விலங்கு, காலடி மண்ணில் உடைபட்டது.

1930இல் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறுமுன், காந்தியார் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். பதவி போனபின் பணி போகவில்லை. அடைக்கலம் தேடிவந்த தேவதாசிக் குலச் சிறுமியர்க்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே அவ்வை இல்லமாய் வளர்ந்தது. வெளியே சுயமரியாதை இயக்கமும், அம்மரபின் துயரத்தைத் தாமே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் மக்கள் மனத்தைப் பண்படுத்தினர். 1947இல்தான் தடைச்சட்டம் பிறந்தது. முதல் தீர்மானத்துக்கும் முழுச் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள்! 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தந்து, 1968இல் மறைந்தார் அம்மையார்.

தோழர்களே, சட்டத்தோடு சேர்த்து, கொடுமையை எது கட்டிக்காக்கிறது என்று தேடுவதே அவர் காட்டிய வழி. நம் மாவட்டத்து இளமணத்தை எது காக்கிறது? கூலிக்குப் புலம்பெயரும் தாய்தந்தையர், மகளைத் தனியே விட அஞ்சுகின்றனர். தொலைவிலுள்ள கல்லூரி அச்சமூட்டுகிறது. நாள் தள்ளினால் சீர் கூடும் என்ற கணக்கும் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டம், மூவலூர் அம்மையார் பெயரால் 2022இல் தொடங்கியது. நல்ல முடிச்சவிழ்ப்பு! ஆனால், பத்தாம் வகுப்பிலேயே மணமேடை ஏறும் பெண்ணை அது எட்டுவதில்லை.

ஆகவே, மணப்பந்தலில் போய் முழங்குவதற்கு முன்பே, விடுமுறை தொடங்கும் நாளில் அந்த வீட்டுத் திண்ணையில் அமர்வோம். விடுதியில் இடம் வாங்கித் தருவோம். பேச்சு பலிக்காவிடில் 1098 என்ற எண்ணுக்குத் தகவல் தருவோம். பதிவேட்டில் அவள் பெயர் நிலைக்கட்டும். அதுவே அம்மையாருக்கு நாம் எழுப்பும் நினைவுச்சின்னம்!